முதுமையும் அல்சைமர் நோயும்: சுமையை அளப்பது எப்படி?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் வாழ்ந்தனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடிப் பேர் புதிதாக இதற்கு ஆளாகின்றனர். இவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அடிப்படைக் காரணமாக இருப்பது அல்சைமர் நோய். நோய் பெருகிவருகிறது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. ஆனால் அது ஏன் பெருகுகிறது, நோயின் சுமை என்று வல்லுநர்கள் எதைச் சொல்கிறார்கள், அந்தச் சுமை யார் தோளில் விழுகிறது என்பதெல்லாம் எண்ணிக்கையைப் படித்தவுடன் விளங்கிவிடுவதில்லை. நோயாளிகள் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிற்காமல், அவர்களைப் பராமரிப்பதற்கு எத்தனை மணிநேரம் செலவாகிறது என்பதையும் எண்ணினால்தான் இந்த நோயின் அளவு புரியும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதை விளக்க, முதலில் நோயைப் பற்றிய சில அடிப்படைகள் தேவை.

டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. நினைவாற்றல், மொழி, கணக்கிடும் திறன், இடமும் வழியும் அறிதல், முடிவெடுத்தல் போன்ற திறன்கள் குறைந்துகொண்டே வந்து, ஒருவர் தம் அன்றாட வாழ்க்கையைத் தாமே நடத்திக்கொள்ள இயலாமற்போகும் நிலைக்கு மருத்துவர்கள் வழங்கும் பொதுப்பெயர் அது. மூளையின் ரத்தக்குழாய்கள் பாதிக்கப்படுவதாலும், பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய மாற்றங்களாலும், வேறு சில காரணங்களாலும் அந்த நிலை வரலாம்; அவற்றுள் மிகப் பரவலானது அல்சைமர். வயதானால் எல்லோருக்கும் வரும் மறதியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தெரிந்தவர் ஒருவரின் பெயர் வாய்வரை வந்து நின்றுவிட்டு, சற்று நேரம் கழித்துத் தானாக நினைவுக்கு வருவது முதுமையில் இயல்பு. அரை மணிநேரத்துக்கு முன் நடந்த உரையாடலை எடுத்துச் சொன்னாலும் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று உறுதியாக மறுப்பதும், விடை சொன்ன பிறகும் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் இயல்பல்ல.

அல்சைமர் நோயில் மூளைக்குள் இரண்டு வகைப் புரதங்கள் தேங்குகின்றன. நரம்பணுக்களுக்கு வெளியே பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிவுகளாகின்றன; நரம்பணுக்களுக்கு உள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. நாளடைவில் அணுக்களுக்கு இடையிலான தொடர்புகள் அறுந்து, அணுக்கள் மடிந்து, மூளை சுருங்குகிறது. டௌ சிக்கல்கள் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியையும் அதையொட்டிய புறணி எனப்படும் மூளையின் மேலடுக்கையும்தான். புதிய நிகழ்வுகளை நினைவாகப் பதியவைப்பது அந்தப் பகுதியின் வேலை. இதனால்தான் 50 ஆண்டுகளுக்கு முன் நடந்த தம் திருமணத்தை விரிவாக விவரிக்கும் ஒருவருக்கு, இன்று காலை என்ன சாப்பிட்டார் என்பது நினைவில் இருப்பதில்லை. அமிலாய்டு படியத் தொடங்கியதிலிருந்து அறிகுறிகள் வெளியே தெரிவதற்குள் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. 75 வயதில் மறதி வெளிப்படும் ஒருவரின் மூளையில், அவர் ஐம்பதுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே மாற்றங்கள் தொடங்கியிருக்கக்கூடும்.

இந்த நோய் முதுமையோடு சேர்த்துப் பேசப்படுவதற்கே நீண்ட காலம் பிடித்தது. ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் பரிசோதித்த அகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51தான். 1906இல் அவர் இறந்த பிறகு, அவருடைய மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், அதில் கண்ட படிவுகளையும் சிக்கல்களையும் அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில் விவரித்தார். 1910இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் தமது பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். முதல் நோயாளி நடுத்தர வயதினராக இருந்ததால், இது அரிதாக நடுத்தர வயதினருக்கு வரும் நோய் என்ற கருத்து நிலைத்துவிட்டது. முதியவர்களுக்கு வரும் கடும் மறதி, முதுமையின் விளைவு என்று ஒதுக்கப்பட்டது. இரண்டும் ஒரே நோய்தான் என்றும், அது பெருமளவில் உயிரைப் பறிக்கும் நோய்களுள் ஒன்று என்றும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் வாதிட்டு எழுதியது 1976இல். அதுவரை கோடிக்கணக்கான முதியவர்கள் நோயாளிகளாகவே கருதப்படவில்லை. "வயசானா அப்படித்தான்" என்று இன்றும் பல வீடுகளில் சொல்லப்படும் வார்த்தை, மருத்துவமே முக்கால் நூற்றாண்டு நம்பிய ஒன்றின் எச்சம்.

எண்ணிக்கை ஏன் உயர்கிறது?

அல்சைமர் தொற்றுநோயன்று. எனவே அது பரவுகிறது என்று சொல்வது பொருந்தாது. எண்ணிக்கை உயர்வதற்கு மிகப் பெரிய காரணம், மனிதர்கள் நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்பதே. அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் வெளியிடும் மதிப்பீடுகளின்படி, அந்நாட்டில் 65 முதல் 74 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கும், 75 முதல் 84 வயதுக்குட்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கும், 85 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் அல்சைமர் மறதிநோய் இருக்கிறது. ஒவ்வொரு வயதுப் பிரிவிலிருந்தும் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், முதல் பிரிவில் 50 பேர், இரண்டாவதில் 130 பேர், மூன்றாவதில் 330 பேர். இந்த விகிதங்கள் ஒரு புள்ளிகூட மாறாமல் இருந்து, மூன்றாவது பிரிவில் உள்ளவர்களின் எண்ணிக்கை மட்டும் 1,000 என்பதிலிருந்து 3,000 ஆக உயர்ந்தால், மொத்த நோயாளிகள் 510 என்பதிலிருந்து 1,170 ஆகிவிடுவார்கள். நோயின் வேகம் மாறவில்லை. அது தாக்கக்கூடிய வயதை எட்டியவர்கள்தாம் பெருகியிருக்கிறார்கள்.

உண்மையில் நடந்துகொண்டிருப்பதும் இதுதான். உலகில் 80 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை 2020க்கும் 2050க்கும் இடையில் மூன்று மடங்காகி 42.6 கோடியை எட்டும் என உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வைச் சேர்ந்தவர்கள் 2022இல் 'லான்செட் பொதுச் சுகாதாரம்' இதழில் வெளியிட்ட கணிப்பில், 2019இல் 5.74 கோடியாக இருந்த மறதிநோயாளிகளின் எண்ணிக்கை 2050இல் 15.28 கோடியாக உயரும் எனக் கூறப்பட்டது. இந்தக் கணிப்பின் தலைப்பு எண் மட்டும் எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே ஆய்வில் உள்ள இன்னொரு முடிவு அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால், அந்த 31 ஆண்டுகளில் நோயின் விகிதம் கிட்டத்தட்ட மாறவேயில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவது மக்கள்தொகைப் பெருக்கமும் முதுமையும்தான். கூடும் வேகமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை: மேற்கு ஐரோப்பாவில் உயர்வு 74 சதவீதம் என்று கணித்த அந்த ஆய்வு, வட ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் அது 367 சதவீதமாக இருக்கும் என்றது. முதியோருக்கான மருத்துவமும் பராமரிப்பு வசதிகளும் குறைவாக உள்ள பகுதிகளில்தான் உயர்வு மிகச் செங்குத்தானது என்பது இதில் கவலைக்குரிய செய்தி.

ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல்லாண்டுகளாக முதியோரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே வயதில் புதிதாக மறதிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீதம் வீதம் குறைந்துவந்திருப்பது தெரிந்தது. கல்வி பெருகியதும், ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் சிகிச்சை மேம்பட்டதும், புகைப்பழக்கம் குறைந்ததும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது, வாய்ப்பு குறையும் வேகத்தை மிஞ்சிக்கொண்டு முதியோர் தொகை வளர்கிறது.

சுமை என்றால் என்ன?

நோய்ச்சுமை என்பதற்குப் பொதுச் சுகாதாரத் துறையில் துல்லியமான ஓர் அளவுகோல் இருக்கிறது. கிறிஸ்டோஃபர் முர்ரே, ஆலன் லோபஸ் ஆகியோர் உருவாக்கிய இந்த அளவுகோல், உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை வழியாகப் பரவலாக அறிமுகமானது. ஒரு நோயால் இழக்கப்படும் ஆரோக்கியமான வாழ்வாண்டுகளை இது கணக்கிடுகிறது. முன்கூட்டியே இறப்பதால் இழக்கும் ஆண்டுகள் ஒரு பகுதி. நோயோடு வாழ்வதால் குறையும் ஆரோக்கியம் இன்னொரு பகுதி. இரண்டாவதை அளப்பதற்கு ஒவ்வொரு நோய்நிலைக்கும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எடை தரப்பட்டுள்ளது; பூச்சியம் முழு ஆரோக்கியத்தையும் ஒன்று இறப்புக்குச் சமமான இழப்பையும் குறிக்கும். முற்றிய மறதிநோய்க்கு அந்த எடை ஏறத்தாழ 0.45. எனவே ஒருவர் முற்றிய நிலையில் 4 ஆண்டுகள் வாழ்ந்து, வாழ்ந்திருக்க வேண்டிய காலத்துக்கு 5 ஆண்டுகள் முன்னதாக இறந்தால், அந்தக் கட்டத்துக்கான இழப்பு 1.8 ஆண்டும் இறப்பால் வந்த 5 ஆண்டும் சேர்ந்து 6.8 ஆரோக்கிய ஆண்டுகள் எனப் பதிவாகும்.

வெவ்வேறு நோய்களை ஒப்பிட்டு, பணத்தை எங்கே செலவிடுவது என்று அரசுகள் முடிவெடுக்க இந்த அளவுகோல் பெரிதும் உதவுகிறது. ஆனால் மேற்கண்ட கணக்கில் ஒருவர் விடுபட்டிருக்கிறார். அந்த 4 ஆண்டுகளும் நோயாளியின் அருகிலேயே இருந்து, வேலையை விட்டு, உறக்கம் கெட்டு, தம் உடல்நலத்தையும் இழந்த மனைவியோ மகளோ மருமகளோ அந்த 6.8இல் ஒரு பின்னமாகக்கூட இடம்பெறவில்லை. பெரும்பாலான நோய்களுக்கு இந்தக் குறை அவ்வளவு பெரிதன்று. அல்சைமருக்கு அது கணக்கின் பெரும்பகுதியையே விட்டுவிடுவதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் நோய் முற்றமுற்ற, நோயாளிக்குத் தம் நிலை பற்றிய உணர்வு பெரும்பாலும் குறைந்துகொண்டே போகிறது. அருகில் இருப்பவரின் வேலையோ அதற்கு நேர்மாறாகக் கூடிக்கொண்டே போகிறது.

மணிநேரக் கணக்கு

மறதிநோய்க்கான பராமரிப்பு நேரத்தை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்துக் கேட்பது வழக்கம். குளிப்பாட்டுதல், உடுத்திவிடுதல், ஊட்டுதல், கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல் போன்ற உடல் சார்ந்த உதவிகள் முதல் வகை. சமைத்தல், மருந்து எடுத்துக்கொடுத்தல், பணத்தைக் கையாளுதல், வெளியே அழைத்துப்போதல் போன்றவை இரண்டாம் வகை. மூன்றாவது வகை, எதுவும் செய்யாமல் அருகில் இருந்து கண்காணிக்கும் நேரம்.

முதல் வகையில் ஒரே ஒரு செயலைக் கூர்ந்து பார்க்கலாம். சட்டை அணிவது நமக்கு ஒரே செயல். உண்மையில் அது பல செயல்களின் வரிசை: சட்டையின் முன்பக்கம் எது என்று அறிவது, சரியான கையைச் சரியான துளைக்குள் விடுவது, முதுகுக்குப் பின்னால் துணியைக் கொண்டுவந்து மறுகையைத் தேடுவது, மேல் பொத்தானுக்கு உரிய காஜாவைக் கண்டுபிடிப்பது, அந்த வரிசையிலேயே கீழே இறங்குவது. அல்சைமர் நோயில் கையின் வலிமை கெடுவதற்கு வெகுமுன்பே இந்த வரிசை கெட்டுவிடுகிறது. பராமரிப்பவர் தாமே அணிவித்துவிட்டால் சில நிமிடங்களில் வேலை முடியும். ஆனால் எஞ்சியிருக்கும் திறனும் அதனால் விரைவில் போய்விடும் என்பதால், ஒவ்வொரு படியையும் ஒரு சிறு வாக்கியமாகச் சொல்லி, அவரே செய்யும்வரை காத்திருக்குமாறு பயிற்சியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். இடையில் நோயாளி எதற்காக நிற்கிறோம் என்பதை மறந்துவிடலாம்; தம் உடலைத் தொடுபவர் யாரென்று தெரியாமல் அஞ்சிக் கையைத் தட்டிவிடலாம். அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சட்டைக்கு 20 நிமிடங்கள் போவது இப்படித்தான்.

மூன்றாம் வகை நேரம் வெளியாருக்குக் கண்ணில் படுவதே இல்லை. நோயாளி அமைதியாக அமர்ந்திருக்கிறார். பராமரிப்பவரும் பக்கத்தில் சும்மா அமர்ந்திருப்பதுபோலத்தான் தோன்றுகிறது. ஆனால் அவரால் எழுந்து கடைக்குப் போக முடியாது, கதவைச் சாத்திக்கொண்டு உறங்க முடியாது. அடுப்பு எரிகிறதா, வாசல் கதவு திறந்திருக்கிறதா என்ற கவனம் ஒருபோதும் விலகுவதில்லை. மாலை நேரத்தில் நோயாளிகள் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். தம் சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புவார்கள். இரவும் பகலும் மாறிப்போன ஒருவர் நள்ளிரவு 2 மணிக்கு எழுந்து நடமாடத் தொடங்கினால், அந்த வீட்டில் வேறு ஒருவரும் விழித்திருக்க வேண்டும்.

குடும்பத்தினரும் நெருங்கியவர்களும் இவ்வாறு ஒரு நோயாளிக்காகச் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணிநேரம் செலவிடுகிறார்கள் என்றும், அந்த நேரத்தில் 70 சதவீதத்தைத் தருபவர்கள் பெண்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆண்டுக்கு இது 1,825 மணிநேரம். 8 மணிநேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 228 நாட்கள். விடுமுறைகளைக் கழித்துப் பார்த்தால், இது ஒரு முழுநேர வேலைக்கு மிக நெருக்கமானது. ஊதியம், வார விடுமுறை, ஓய்வூதியம் ஆகிய எதுவும் இதற்குப் பொதுவாகக் கிடையாது. இப்படிப் பராமரிப்பவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

இந்த மணிநேரங்களைப் பணமாக மாற்றும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. 2019இல் மறதிநோயால் உலகுக்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது. அதில் ஏறத்தாழ பாதி, குடும்பத்தினரின் ஊதியமற்ற உழைப்பின் மதிப்பு. அந்த மதிப்பை இரு வழிகளில் கணக்கிடலாம். அதே வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று பார்ப்பது ஒரு வழி. பராமரிப்பவர் அந்த நேரத்தில் வேறு வேலைக்குப் போயிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியில், பணி ஓய்வுபெற்ற ஒரு மனைவியின் மணிநேரத்துக்கு மிகக் குறைந்த மதிப்பே கிடைக்கும். ஊதியம் குறைந்த நாடுகளில் எந்த வழியில் கணக்கிட்டாலும் தொகை சிறியதாகத்தான் தெரியும். மறதிநோயாளிகளில் 61 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்ந்தும், மொத்தச் செலவில் 74 சதவீதம் உயர்வருமான நாடுகளில் பதிவாவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்த 74ஐப் பார்த்துவிட்டு, சுமை பணக்கார நாடுகளில்தான் அதிகம் என்று முடிவுகட்டினால் அது பெரும்பிழை. சட்டை அணிவிக்கும் 20 நிமிடம் எந்த நாட்டிலும் 20 நிமிடம்தான்.

எதைக் குறைக்க முடியும்?

65 வயதுக்குப் பிறகு, மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் இரட்டிப்பாகிறது. நோய் வெளிப்படுவதை 5 ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தாலே, நோயாளிகளின் எண்ணிக்கை காலப்போக்கில் பாதியளவுக்குக் குறையக்கூடும் என்பது இதன் மறுபக்கம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. சிறுவயதில் கல்வி குறைவாக இருத்தல், நடுத்தர வயதில் கவனிக்கப்படாத செவித்திறன் குறைபாடு, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், தலைக்காயம், முதுமையில் தனிமை, பார்வைக் குறைபாடு, காற்று மாசு ஆகியவை அதில் அடங்கும். இந்த 45 சதவீதம் ஒரு சமுதாயம் முழுவதற்குமான கணக்கு. இவற்றையெல்லாம் சரியாகப் பேணிய தனிமனிதர் ஒருவருக்கு நோய் வராது என்ற உறுதிமொழியன்று. தம் தவறால்தான் நோய் வந்தது என்று எந்த நோயாளியும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

மருந்துகளைப் பொறுத்தவரை, 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோனெபெசில் போன்றவை அறிகுறிகளைச் சிலகாலம் ஓரளவு தணிக்கும். 2023இல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப், மூளையில் உள்ள அமிலாய்டை அகற்றுகிறது. 18 மாத ஆய்வில் அது நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. தொடக்கநிலை நோயாளிகளுக்கு மட்டுமே பொருந்தும் இம்மருந்து, அந்த ஆய்வில் ரத்தநாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ ஏற்படுகிறதா என்று எம்.ஆர்.ஐ. மூலம் கண்காணிக்க வேண்டும். நோயை முற்றிலும் நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை.

அதனால் நோயைக் கண்டறிவதில் பயனில்லை என்று எண்ணிவிடக் கூடாது. உலகில் மறதிநோயுள்ளவர்களில் முக்கால் பங்கினருக்கு அது நோய் என்று கண்டறியப்படவே இல்லை என சர்வதேச அல்சைமர் நோய் அமைப்பு மதிப்பிடுகிறது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதிநோய் போலவே தோன்றும். இவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். முதற்கட்டப் பரிசோதனைகளும் எளியவையே. வெள்ளைத்தாளில் ஒரு கடிகார முகப்பை வரைந்து 11 மணி 10 நிமிடத்தைக் காட்டுமாறு மருத்துவர் கேட்பார். நிமிடமுள்ளை 2இல் வைக்க வேண்டும் என்பதற்கு, 10 என்ற எண்ணை மனத்துக்குள் மாற்றிக் கணக்கிட வேண்டியிருக்கிறது. பாதிப்பு உள்ளவர்களில் பலர் முள்ளை நேராக 10இலேயே வைத்துவிடுவார்கள். இது தனியாக நோயை உறுதிசெய்யாது. மேற்கொண்டு சோதிக்க வேண்டுமா என்பதைக் காட்டும்.

பராமரிப்பவரின் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட நாடுகளும் இருக்கின்றன. 1995இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, வாரத்துக்குக் குறைந்தது 10 மணிநேரம் வீட்டில் பராமரிப்பவருக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஓய்வூதியப் பங்களிப்பைத் தானே செலுத்துகிறது. ஜப்பான் 2000இல் தொடங்கிய காப்பீடு, பகல்நேரப் பராமரிப்பு மையங்களுக்கும் குறுகியகாலத் தங்கலுக்கும் வழிசெய்தது. நோயாளி அங்கே இருக்கும் நேரம் குடும்பத்தினருக்கு ஓய்வு நேரம். இத்தகைய ஏற்பாடுகளுக்குப் பெரும் பணம் தேவை என்பது உண்மை. ஆனால் அந்தச் செலவு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஊதியமில்லாத ஒருவரின் வாழ்நாளிலிருந்து அது எடுக்கப்படுகிறது.

இத்தகைய வசதி எதுவும் இல்லாத இடத்திலும் ஒரு குடும்பம் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வாரத்துக்கு, மேற்சொன்ன மூன்று வகை நேரத்தையும் யார் எவ்வளவு தருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிவைக்கலாம். இரவில் விழித்த நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளை அவரிடம் காட்டினால், நோய் எந்த அளவு முற்றியிருக்கிறது என்பதையும், உறக்கத்துக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சையை மாற்ற வேண்டுமா என்பதையும், பராமரிப்பவருக்கே மருத்துவ உதவி தேவைப்படுகிறதா என்பதையும் முடிவுசெய்ய அது உதவும். உடன்பிறந்தவர்கள் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளக் கூடிப் பேசும்போதும் அதே தாளை நடுவில் வைத்துப் பேசலாம்.